அழுத கண்ணும் அறாத நம்பிக்கையும்

ஒரு வீட்டில் முஸீபத் நேர்ந்துவிட்டால், ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். "அழாதே, அழுதால் ஈமான் குறைந்துபோகும்" என்பது ஒரு பேச்சு. "எல்லாம் தக்தீர், நம் கையில் என்ன இருக்கிறது, பேசாமல் இரு" என்பது இன்னொரு பேச்சு. இரண்டும் மார்க்கத்தின் பெயராலேயே சொல்லப்படுகின்றன. சொல்பவர்களின் நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த உம்மாவும், சபர் போன கணவனிடமிருந்து மாதக்கணக்கில் தகவல் வராத மனைவியும், கடன் முற்றிக் கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் வாப்பாவும் இந்த வார்த்தைகளைக் கேட்டபின் முன்னிலும் அதிகமாகத் தனித்துப்போகிறார்கள். பட்ட துக்கம் போதாதென்று, 'அழுகை வருகிறதே, என் ஈமான் பழுதாகிவிட்டதோ?' என்ற புதிய துக்கமும் அவர்களைப் பிடித்துக்கொள்கிறது.

இந்தக் கேள்வியோடு திருமறையைத் திறப்பவருக்கு அதன் 12-வது அத்தியாயமான சூரா யூசுப் போதுமான பதிலைத் தருகிறது. 111 வசனங்கள் கொண்ட இந்தச் சூரா மக்காவில் அருளப்பட்டது. சொந்தக் குலத்தாரே நாயகம் (ஸல்) அவர்களை ஒதுக்கி வைத்து வதைத்த காலம் அது. நுபுவ்வத்தின் பத்தாம் ஆண்டில் துணைவியார் கதீஜா (ரலி) அவர்களும், அரணாக நின்ற பெரிய தந்தை அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்தார்கள். அந்தத் துக்க காலத்தையொட்டியே இந்தச் சூரா இறங்கியது என்று கருதுவோர் பலர். இதற்கு முந்திய சூரா ஹூதின் முடிவில், நபிமார்களின் சரித்திரங்களைச் சொல்வதெல்லாம் உம்முடைய உள்ளத்தை உறுதிப்படுத்தவே என்று அல்லாஹுத்தஆலா தன் தூதருக்கு அறிவிக்கிறான். அந்த அறிவிப்பைக் கடந்து மூன்று வசனங்கள் சென்றால் யூசுப் நபியின் சரித்திரம் தொடங்கிவிடுகிறது.

நம் பக்கங்களில் சூரா யூசுப் என்றதும் பலருக்கு யூசுப் – ஜுலைகா கதைதான் நினைவுக்கு வரும். அந்தப் பெண்மணியின் பெயரைக்கூடத் திருக்குர்ஆன் குறிப்பிடவில்லை. அழகையும் மையலையும் பாடிப் பாடி, கன்ஆனில் ஒரு வயோதிகத் தகப்பனார் பார்வை இழந்து உட்கார்ந்திருப்பதை நம் கதைசொல்லிகள் ஓரத்தில் தள்ளிவிட்டார்கள். கஷ்டத்தில் இருக்கும் வீட்டுக்கு வேண்டியவர் அந்தத் தகப்பனாரே.

யஃகூப் (அலை) அவர்களின் முதல் இழப்பு நமக்குத் தெரிந்ததே. மூத்த மக்கள் தம்பி யூசுபை விளையாட அழைத்துப்போய்க் கிணற்றில் போட்டுவிட்டு, பொய் இரத்தம் பூசிய சட்டையோடு இரவில் அழுதுகொண்டே வந்தார்கள். ஓநாய் தின்றுவிட்டது என்றார்கள். தகப்பனார் அதை நம்பவில்லை. உங்கள் மனம் உங்களுக்கு ஏதோ ஒன்றை அழகாக்கிக் காட்டிவிட்டது என்று சொல்லி, அழகிய பொறுமையை மேற்கொள்வதாகவும், இவர்கள் சொல்வதன் விஷயத்தில் அல்லாஹ்விடமே உதவி தேடுவதாகவும் கூறி நிறுத்திக்கொண்டார்கள். இது 18-வது வசனத்தின் கருத்து.

பல்லாண்டுகள் கழிகின்றன. எத்தனை என்று திருமறை சொல்லவில்லை. ஆனால் நாமே எண்ணிப் பார்க்கலாம். யூசுப் (அலை) மிஸ்ரில் வளர்ந்து வாலிபரானது ஒரு காலம். சிறையில் கழித்தவை சில ஆண்டுகள். பிறகு செழிப்பான ஏழு ஆண்டுகள். அதன் பின்பே பஞ்சம் தொடங்கி, கன்ஆனிலிருந்து இந்தச் சகோதரர்கள் தானியம் தேடி மிஸ்ருக்குப் போகிறார்கள். ஆக, தகப்பனாரின் காத்திருப்பு ஒன்றிரண்டு வருடங்களின் காத்திருப்பு அன்று. அந்த நிலையில் இரண்டாவது இடி விழுகிறது. இளைய மகன் (புன்யாமீன் என்று விரிவுரைகள் பெயர் சொல்லும்) திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டு மிஸ்ரில் நிறுத்திவைக்கப்படுகிறார். வாக்குக் கொடுத்து அழைத்துப்போன மூத்தவரும் வாப்பாவின் முகத்தில் விழிக்க இயலாது என்று அங்கேயே தங்கிவிடுகிறார். இப்போது வீட்டில் இல்லாதவர்கள் மூன்று பேர்.

இங்கே சகோதர சகோதரிகள் சற்று நின்று 83-வது வசனத்தை 18-வது வசனத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். யஃகூப் நபி அதே 'ஸப்ருன் ஜமீல்' என்ற சொல்லையே, அழகிய பொறுமையையே, மறுபடியும் சொல்கிறார்கள். ஆனால் முதல் தடவை சொல்லாத ஒன்றை இப்போது சேர்க்கிறார்கள். அல்லாஹ் அவர்கள் எல்லாரையும் சேர்த்து என்னிடம் கொண்டுவந்துவிடக் கூடும் என்பது அது. ஒரு மகன் போனபோது வாயில் வராத வார்த்தை, மூன்று மக்கள் போன பிறகு வருகிறது. இழப்பு ஏற ஏற நம்பிக்கை இறங்கும் என்பதுதான் நம் கணக்கு. இங்கே கணக்கு மாறிக் கிடக்கிறது. அதுவும் 'எல்லாரையும்' என்கிறார்கள். ஓநாய் தின்றுவிட்டதாகச் சொல்லப்பட்ட பிள்ளையும் அந்த 'எல்லாரில்' அடக்கம்!

சரி, இவ்வளவு நம்பிக்கை உள்ளவர் அழவில்லையா? அடுத்த வசனமே பதில் சொல்கிறது. மக்களை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, யூசுபுக்காகக் கைசேதப்பட்டார்கள். துக்கத்தினால் அவர்களுடைய இரு கண்களும் வெளுத்துப்போயின. அழுது அழுது பார்வை போன ஒருவரைத் திருமறை நபி என்றே அழைக்கிறது. ஒரு குறையும் சொல்லவில்லை. அந்த இடத்தில் அவர்களைப் பற்றி 'களீம்' என்ற சொல் வருகிறது. தண்ணீர் நிரப்பிய தோல்பையின் வாயை இறுகக் கட்டுவதற்கு அரபுகள் பயன்படுத்தும் வினையிலிருந்து பிறந்த சொல் இது. பை நிறைந்திருக்கிறது, வாய் மட்டும் கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லாதவரைப் பொறுமையாளர் என்று சொல்வதில் என்ன இருக்கிறது?

நம் நாயகம் (ஸல்) அவர்களும் ஹிஜ்ரி 10-ல் குழந்தை இப்ராஹீம் மடியில் உயிர் பிரிந்தபோது கண்ணீர் வடித்தார்கள். தாங்களுமா என்று ஆச்சரியத்தோடு கேட்ட தோழருக்கு, இது ரஹ்மத் என்று விளக்கினார்கள். கண் அழும், கல்பு துக்கப்படும், நாவு மட்டும் ரப்புக்குப் பொருந்தாததைச் சொல்லாது என்பதே அவர்கள் வகுத்த எல்லை. மார்பில் அடித்துக்கொள்வதும் ஆடையைக் கிழித்துக்கொள்வதும் ஒப்பாரி வைப்பதும் விலக்கப்பட்டவை. கண்ணீர் விலக்கப்படவில்லை.

தகப்பனாரின் நிலையைப் பார்த்து மக்கள் என்ன சொன்னார்கள்? உருக்குலைந்து போகும்வரை, அல்லது செத்துப்போகும்வரை யூசுபை நினைத்துக்கொண்டேதான் இருப்பீர்களா என்று கேட்டார்கள். இன்றைக்கும் வீடுகளில் கேட்கிற பேச்சுத்தான் இது. 'இன்னுமா அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய்?' அதற்கு யஃகூப் நபி சொன்ன பதில் 86-வது வசனத்தில் இருக்கிறது. என் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன், நீங்கள் அறியாததை நான் அல்லாஹ்விடமிருந்து அறிந்திருக்கிறேன் என்பது அதன் கருத்து. துயரத்துக்கு அங்கே 'பஸ்ஸு' என்ற சொல் ஆளப்படுகிறது. அடக்கி வைக்க முடியாமல் சிதறிப் பரவும் துயரம் என்று அதற்குப் பொருள். மனிதருக்கு முன்னால் வாய் கட்டப்பட்டிருந்த தோல்பை ரப்புக்கு முன்னால் திறந்துகொள்கிறது. முறையிடுவது பொறுமைக்கு விரோதமில்லை. யாரிடம் முறையிடுகிறோம் என்பதே விஷயம்.

இந்த வசனத்தை ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் தொழுகையில் இமாமாக நின்று ஓதியபோது விம்மிவிட்டார்கள். கடைசி ஸஃப்பில் நின்றிருந்த அப்துல்லாஹ் பின் ஷத்தாதுக்கு அந்த விம்மல் கேட்டது என்று இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். பாரசீகமும் ரோமும் அஞ்சிய கலீபா அவர். ஈமான் உள்ளவன் அழமாட்டான் என்று அடுத்த முறை யாராவது சொன்னால், அந்தக் கடைசி ஸஃப் நினைவுக்கு வரட்டும்.

இனி, பாடத்தின் நடுநாயகமான 87-வது வசனத்துக்கு வருவோம். அல்லாஹ்வின் அருளைப் பற்றி நிராசை கொள்ளக் கூடாது, நிராகரிக்கும் கூட்டத்தாரே அவ்வாறு நிராசை கொள்வார்கள் என்ற அறிவுரை இதில்தான் இருக்கிறது. இந்த வசனத்தைச் சிலர் துன்பப்படுகிறவரின் முதுகில் அடிக்கும் சவுக்காகப் பயன்படுத்துகிறார்கள். அழுகிறாயே, நிராசை கொண்டால் என்ன ஆகும் தெரியுமா என்று மிரட்டுகிறார்கள். அவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இதைச் சொன்னவர் யார், கேட்டவர் யார்? சொன்னவர் அழுது கண் பூத்துப்போன தகப்பனார். கேட்டவர்களோ கண்ணில் ஈரமில்லாமல், யூசுபின் கதை முடிந்துவிட்டது என்று தீர்த்துக்கொண்ட மக்கள். கண்ணீரும் நம்பிக்கையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன. நிராசை இருந்தது உலர்ந்த கண்களில். ஆகவே அழுகிறவளைப் பார்த்து 'நீ நிராசை கொண்டுவிட்டாய்' என்று தீர்ப்புச் சொல்ல இந்த வசனத்தில் இடமே இல்லை.

அந்த வசனத்தின் முதல் பாதியைப் பலர் ஓதாமலே விட்டுவிடுகிறார்கள். நிராசை கொள்ளாதீர்கள் என்பதற்கு முன்னால், என் மக்களே, போய் யூசுபையும் அவர் சகோதரரையும் தேடுங்கள் என்ற கட்டளை இருக்கிறது. முதலில் போகச் சொல்கிறார்கள், தேடச் சொல்கிறார்கள். பிறகே நம்பிக்கையைப் பற்றிப் பேச்சு. தேடுதலுக்கு அங்கே வரும் சொல் 'தஹஸ்ஸுஸ்'. புலன்களைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. கண்ணாலும் காதாலும் துப்புக் கேட்டு நிதானமாகத் தேடுவது என்று பொருள். பிறர் குற்றத்தைத் துருவும் 'தஜஸ்ஸுஸ்' வேறு. அது சூரா ஹுஜுராத்தில் தடுக்கப்பட்டது. இங்கே ஏவப்படுவது நல்லதைத் தேடுவது.

இந்தக் கட்டளையை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். கணவனிடமிருந்து தகவல் இல்லையென்றால், தஸ்பீஹோடு முற்றத்தில் உட்கார்ந்திருப்பது மட்டும் போதாது. அதே நாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களிடம் விசாரிப்பது, தூதரகத்துக்கு மனுப்போடுவது ஆகியவையும் 'போய்த் தேடுங்கள்' என்பதில் சேரும். கடன்பட்டவர் கொடுத்தவரின் முகத்தைக் கண்டு ஒளியாமல் நேரில் போய்த் தவணை கேட்க வேண்டும். கஷ்டத்தில் இருப்பவனுக்கு அவகாசம் கொடுக்குமாறு கொடுத்தவரை நோக்கிச் சூரா பகராவின் 280-வது வசனம் கட்டளையிடுவதை இரு தரப்பாரும் உட்கார்ந்து ஓதிப் பார்க்கலாம். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையாரில் கடனில் சிக்கியவரும் ஒருவர் என்பது சூரா தவ்பாவின் 60-வது வசனத்தில் இருக்கிறது. ஜமாஅத்திடம் அதைக் கேட்பதில் இழிவு ஒன்றுமில்லை. நோயாளி வைத்தியம் செய்துகொள்ள வேண்டும், நாயகம் (ஸல்) அவர்கள் மருந்து செய்யும்படி ஏவியிருக்கிறார்கள். உடல் நோய் மட்டுமல்ல, மாதக்கணக்கில் உறக்கமும் உணவும் இல்லாமல் மனம் ஒடுங்கிக் கிடப்பதும் நோய்தான். அதை ஈமான் குறைவு என்று எண்ணிக்கொண்டு தாயத்துக்காரனிடம் பணத்தைக் கொட்டுவதைவிட டாக்டரிடம் காட்டுவது மேல்.

'அல்லாஹ்வின் அருள்' என்று மேலே குறிப்பிட்டதற்கு மூலத்தில் வரும் சொல் 'ரவ்ஹ்'. புழுக்கத்தில் தவிப்பவன்மேல் படும் இளங்காற்றையும், மூச்சுத் திணறியவனுக்குக் கிடைக்கும் மூச்சையும் இந்தச் சொல் நினைவுபடுத்தும். இதே வேரிலிருந்து பிறந்த 'ரீஹ்' என்ற சொல் ஏழு வசனங்களுக்குப் பிறகு, 94-வது வசனத்தில் வருகிறது. மிஸ்ரிலிருந்து யூசுப் நபியின் சட்டையைச் சுமந்துகொண்டு ஒட்டகக் கூட்டம் கிளம்பிய மாத்திரத்தில், நான் யூசுபின் வாசத்தை உணர்கிறேன் என்று கன்ஆனில் தகப்பனார் சொல்கிறார்கள். சுற்றி இருந்தவர்களோ, உம்முடைய பழைய தடுமாற்றத்திலேயே இருக்கிறீர் என்றார்கள். பார்வை போயிருந்தவருக்குக் காற்றில் வந்தது தெரிந்தது. பார்வை இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

சூரா இன்ஷிராஹில் கஷ்டத்துடன் இலேசு இருக்கிறது என்று இரு முறை உறுதி சொல்லப்படுகிறது. அங்கே 'பிறகு' என்ற சொல் இல்லை, 'உடன்' என்ற பொருள் தரும் 'மஅ' இருக்கிறது. கஷ்டம் தீர்ந்தபின் வருவதல்லவா சுகம், அது எப்படிக் கூடவே இருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. யஃகூப் நபியின் வீட்டை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். இரண்டாவது மகனும் போய்விட்டார் என்று கன்ஆனில் கண்ணீர் வடிந்துகொண்டிருந்தபோது, அந்த மகன் மிஸ்ரில் எங்கே இருந்தார்? யூசுபின் அருகில்! நான்தான் உன் சகோதரன், கவலைப்படாதே என்று யூசுப் நபி அவரிடம் முன்பே சொல்லியாகிவிட்டது (69-வது வசனம்). தகப்பனார் எதை இரண்டாவது இழப்பு என்று எண்ணி அழுதார்களோ, அதுதான் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்த நிகழ்ச்சி. அவர்கள் குடும்பத்தைப் பஞ்சத்தில் வாட்டிய அந்த வருடங்களிலேயே மிஸ்ரின் களஞ்சியச் சாவி அவர்களுடைய மகன் கையில் இருந்தது. தகவல் மட்டும் வந்து சேரவில்லை.

களஞ்சியம் என்றதும் ஒரு சிறு விஷயம். அரசன் கண்ட கனவில் ஏழு கொழுத்த பசுக்களும் ஏழு மெலிந்த பசுக்களும், ஏழு பச்சைக் கதிர்களும் காய்ந்த கதிர்களும் மட்டுமே வருகின்றன. பலன் சொன்ன யூசுப் நபியோ, அறுத்ததைக் கதிரோடு விட்டுவைக்கும் யோசனையையும் சொல்லி, பதினாலு வருடங்களுக்குப் பிறகு மழை பொழிந்து மக்கள் பழம் பிழியும் ஒரு வருடம் வரும் என்றும் சேர்த்தார்கள். அந்தப் பதினைந்தாவது வருடம் கனவில் இல்லாதது. அது அல்லாஹ் அவர்களுக்கு அறிவித்துக் கொடுத்தது என்று விரிவுரையாளர்கள் கூறுகிறார்கள். இதைச் சொன்னபோது அவர்கள் இன்னும் சிறையில்தான் இருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

யஃகூப் நபியின் வார்த்தையைத் தம் கஷ்டத்தில் பற்றிக்கொண்டவர்களில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் முக்கியமானவர்கள். அவர்கள்மீது நயவஞ்சகர்கள் அவதூறு பரப்பியபோது சுமார் ஒரு மாதம் அது பற்றி வஹீ வரவில்லை. தாய் வீட்டில் ஈரல் வெடித்துவிடும் போல இரவும் பகலும் அழுதார்கள். கடைசியில், நான் சொல்வதை நீங்கள் நம்பப்போவதில்லை, யூசுபின் தகப்பனார் சொன்ன அழகிய பொறுமைதான் எனக்கும் என்றார்கள். அந்த மனவேதனையில் யஃகூப் என்ற பெயர்கூட நினைவுக்கு வராததால் 'யூசுபின் தகப்பனார்' என்று சொன்னதாகப் பிற்காலத்தில் அவர்களே கூறியிருக்கிறார்கள். பெயர் மறந்துபோன நேரத்திலும் வசனம் மறக்கவில்லை! அதன் பின்பே அவர்கள் தூய்மையை அறிவித்துச் சூரா நூரின் 11-வது வசனம் முதற்கொண்டு இறங்கின.

இந்த ஹதீஸில் வரும் ஒரு பெண்மணியை ஆறுதல் சொல்லப் போகும் சகோதரிகள் அறிந்துகொள்ள வேண்டும். ஆயிஷா நாயகி அழுதுகொண்டிருந்தபோது அன்ஸாரிப் பெண் ஒருவர் வந்து அனுமதி கேட்டார். உள்ளே அழைத்தார்கள். அவர் உட்கார்ந்தார், கூடவே அழுதார். அவ்வளவுதான். புத்திமதி சொன்னதாகவோ, விவரம் கேட்டதாகவோ, ஊரில் பேசிக்கொள்வதை வந்து ஒப்பித்ததாகவோ இல்லை. அவர் பெயரும் நமக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் அந்தச் சில நிமிடங்களை அன்னையவர்கள் மறக்காமல் அறிவித்ததால், பதினான்கு நூற்றாண்டுகள் கடந்தும் ஓதிக்கொண்டிருக்கிறோம். துக்க வீட்டுக்குப் போகும்போது என்ன பேசுவது என்று தெரியாமல் தயங்குகிறவர்கள் பேசாமலே போகலாம். ஓதத் தெரிந்தவர்கள் சூரா யூசுபின் 83 முதல் 98 வரையிலான வசனங்களைப் பதின்மூன்றாம் ஜுஸுவிலிருந்து எடுத்து, மெதுவாக ஓதிப் பொருளையும் சொல்லிவிட்டு வரலாம். கால் மணி நேரம்கூட ஆகாது.

98 வரை என்று சொல்லக் காரணம் உண்டு. நற்செய்தி கொண்டுவந்தவர் சட்டையை முகத்தில் போட்டதும் யஃகூப் நபிக்குப் பார்வை திரும்பியது 96-வது வசனத்தில். பலரும் அங்கேயே முடித்துவிடுவார்கள். அடுத்த இரு வசனங்களில், இத்தனை வருடம் பொய் சொல்லி, கேலியும் பேசிய மக்கள் தகப்பனாருக்கு முன்னால் வந்து, எங்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடுங்கள் என்று கேட்கிறார்கள். அவர்கள் அந்த நேரத்திலேயே கையேந்திவிடவில்லை, உங்களுக்காக என் ரப்பிடம் கேட்பேன் என்று வாக்களித்தார்கள். துஆ ஏற்கப்படும் ஸஹர் நேரத்துக்காகவே அப்படித் தள்ளிவைத்தார்கள் என்று விரிவுரையாளர் பலர் எழுதியிருக்கிறார்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்ற ஒரு கேள்விகூட அந்தப் பதிலில் இல்லை.